ஓர் இரவை முழுதாகத் தாருங்கள்

வன்னிக் கோயில்களின் பரிபாலன சபைகளில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். கூத்துக்கும் டிறாமாவுக்கும் (இசை நாடகத்துக்கும்) திருவிழாவில் ஓர் இரவு கேட்டு எழுதுகிறேன். போன வருடம் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழா நோட்டீசில் "இரவு 9.00 முதல் 9.40 வரை மயான காண்டம், தொடர்ந்து இன்னிசைக் கச்சேரி" என்று போட்டிருந்தது. சுடலை காக்கும் அரிச்சந்திரன் பிள்ளையின் பிணத்தோடு வந்தவளிடம் கால்பணமும் முழத்துண்டும் கேட்டு, அவள் தன் மனைவிதான் என்று அறிந்து உடைவதற்கு நாற்பது நிமிடம். அதிலும் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் பின்னால் கச்சேரிக்காரர் "ஹலோ, ஹலோ" என்று மைக் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அரிச்சந்திரனுக்கு ஆடிய தம்பி பாவம், பிள்ளையை எரிப்பதா விடுவதா என்று அந்தரப்பட்டு நின்றான்.

என் அப்பப்பா வெள்ளைக்காரன் காலத்தில் முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்தில் கண்ணகிக்கு ஆடியவர். பகலில் வயல். காலபோக அறுவடை முடிந்தால்தான் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாட்டுக் கொப்பியைக் கையில் எடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுக் கேட்டே பாட்டைப் பாடமாக்கினார்கள். முகத்தில் அரிதாரம், மேலே பெற்றோமாக்ஸ் சூடு, மைக் கிடையாது. கடைசிப் பாயில் படுத்திருக்கும் கிழவிக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். முன்னிரவில் தொண்டையை முழுக்கக் கொடுத்துவிட்டால் விடியப்புறம் வழக்குரைக்க ஒன்றும் மிஞ்சாது என்பார். அந்தக் கணக்குத்தான் அவருடைய தொழில். நாற்பது நிமிடத்தில் அதை யாரும் பழக முடியாது.

டிறாமாக்காரர் பாடு இன்னும் கடினம். 1914இல் தனுஷ்கோடிக் கப்பலும் தலைமன்னார் ரயிலும் இணைந்தபின் தமிழகத்து நடிகர்களுக்கு இலங்கைப் பயணம் லேசானது. ஸ்பெஷல் நாடகம் என்றால் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை இல்லாமலே அன்றிரவு மேடையில் ஒன்று சேர்வார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் பாடம், மிச்சம் ஆர்மோனியக்காரர் பாடு. எதிரில் நிற்பவர் புதிதாக ஒரு தர்க்கத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்திலேயே பாட்டாகப் பதில் கட்ட வேண்டும்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. அந்த வாழ்க்கை ஆளைத் தின்றது. பாட்டுக்குப் பேர்போன நடிகர் கிட்டப்பா 1933இல் போகும்போது வயது 27. மேடையில் சுதந்திரப் பாட்டுப் பாடியதற்காகவே பலமுறை சிறை போன நடிகர் விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் உயிர் விட்டார். அப்படி யாரையும் வாட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. வழி எங்கள் கூத்திலேயே இருக்கிறது. காத்தவராயன் கூத்தில் காத்தவராயனுக்கு ஒரே இரவில் எத்தனை பேர் மாறி மாறி ஆடுகிறார்கள்! சின்னக் காத்தான் போய்ப் படுக்க, பெரிய காத்தான் வருவான். இரவு முழுதாக இருந்தால் பொடியளும் பழகலாம், கிழவர்களும் மூச்சு வாங்கலாம்.

ஆகவே திருவிழாவில் ஓர் இரவை, இரவு ஒன்பதிலிருந்து விடியும் வரை, கூத்துக்கோ டிறாமாவுக்கோ விடுங்கள். அன்றைக்குக் கச்சேரி வேண்டாம். கச்சேரிக்காரருக்கு முற்பணம் கொடுக்கிறீர்கள், கூத்துக்காரருக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். பொன்னாடையை வைத்து உடுப்பு வாடகை கட்ட முடியாது, சீன் திரை கட்டுபவரும் அதை வாங்கமாட்டார். அவர்களுக்கும் முற்பணம் கொடுங்கள். வேடம் போட மறைப்பும், விடியப்புறம் ஒரு தேத்தண்ணியும் இருந்தால் போதும்.

2009இல் அப்பப்பாவின் கொப்பி இடப்பெயர்வோடு போய்விட்டது. எனக்குப் பாடமாக இருப்பது பாதிதான். கேட்கப் பொடியள் இருந்தால் அந்தப் பாதியைச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கூட்டத்துக்கு வரவும் ஆயத்தம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்குக் கிளினிக்.

இப்படிக்கு,
கண்ணகிக்கு ஆடியவரின் பேரன்