இரண்டாம் தவணை முடிவும் தரம் 9 வரலாற்று ஒப்படையும்: பெற்றோருக்கு அதிபர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டிலும் தமிழ்த்தினப் போட்டிகளிலும் பிள்ளைகள் வலய மட்டம் வரை போய் வந்தார்கள். பங்குபற்றியவர்கள், பயிற்றுவித்தவர்கள் எல்லாருக்கும் பாராட்டுகள். முன்னேற்ற அறிக்கைகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

சரி, இனி வரலாற்று ஒப்படை. 'எங்கள் குளமும் எங்கள் ஊரும்' என்று தலைப்புக் கொடுத்து, வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதும்படி சொல்லியிருந்தோம். வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை கொமினிகேசன் கடையில், அதாவது கணினி அச்சுக் கடையில், அச்செடுத்த தாள்கள். வர்ண மட்டை, சுருள் கம்பி, உள்ளே ஒரே பந்தி. 1885இல் ஹென்றி பார்க்கர் என்ற பொறியியலாளர் கனகராயன் ஆற்றை மறித்துக் கிளிநொச்சி இரணைமடுவில் குளம் கட்ட யோசனை சொன்னதும், 1902இல் வேலை தொடங்கியதும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் முழு நீர்மட்டம் 34 அடி என்று அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள். 2018இல் புனரமைத்தபோது அது 36 அடியாகிவிட்டது. அந்த மார்கழியில் குளத்தின் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவு திறந்து வெள்ளம் வந்ததைக் கண்ட பிள்ளைகள் இவர்கள்! ஒரு முன்மட்டையில் இருப்பதோ பொலன்னறுவைப் பராக்கிரம சமுத்திரம்.

சிறுபோக (கோடைகால நெல்) வெட்டு நேரம், களைத்து வந்து இரவில் ஒப்படையோடு மல்லுக்கட்டுவது கஷ்டம் என்று தெரியும். புள்ளி குறைந்துவிடுமோ என்ற பயமும் புரிகிறது. ஆனாலும் அச்சுக்குக் காசு கொடுத்தது பிள்ளை அல்ல. சிலவற்றில் கையெழுத்தே பெரியவர்களுடையது. ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: அச்செடுத்த ஒப்படைக்கும் பெரியவர்கள் எழுதிக்கொடுத்த ஒப்படைக்கும் இனிப் புள்ளி இல்லை. அதைப் பற்றிக் கதைக்க அலுவலகத்துக்கு வரவும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைக்க 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது என்பதை எங்கேயும் எடுக்கலாம். எந்தக் குடும்பம் எந்தக் காட்டை வெட்டியது, மலேரியாவோடு எப்படிக் கிடந்தார்கள், தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோகக் காணியை எப்படிப் பங்கு போட்டார்கள் என்பதை எங்கே அச்செடுப்பது? 2008, 2009 இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளில் படமும் காணிப் பத்திரமும் போய்விட்டன. கேட்பதற்கு மிஞ்சியிருப்பவர்கள் அப்பு, ஆச்சிமார்தான்.

ஒரு பிள்ளை பென்சிலால் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறது. எழுத்துப்பிழை தாராளம். அப்பம்மா கலியாணம் கட்டி வந்த புதிதில் துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்குக் கீழே உடுப்புத் தோய்க்கப் போவாவாம். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையாரின் சைக்கிள் மணி கேட்டால் பெண்கள் எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு வரம்பால் ஓடுவார்களாம். வாய்க்காலில் சவுக்காரம் கரைக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். அந்த ஒப்படைக்குத்தான் முழுப் புள்ளி.

மற்றவர்கள் விடுமுறையில் திரும்ப எழுதி, அடுத்த தவணையின் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் தரலாம். ஒரு பக்கம் போதும், பிள்ளையின் கையெழுத்தில். வீட்டில் மூத்தவர் இல்லையென்றால் அயலில் ஒருவரைக் கேட்கட்டும். படம் எடுக்கவென்று பிள்ளைகளைத் தனியே வான்பக்கம் அனுப்பாதீர்கள்.

கடுமையாக எழுதியதாக யாரும் மனம் நோகவேண்டாம். சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்தவர்களையும், வேலியைத் திருத்தித் தந்தவர்களையும் நாங்கள் மறக்கவில்லை. உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. அப்பு, ஆச்சிமாரில் யாருக்காவது வகுப்பில் வந்து கதைக்க விருப்பமென்றால் முதல்நாள் சொல்லிவிடுங்கள், தேநீர் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
அதிபர்