கழற்றவேண்டிய மூடி

ஆசிரியருக்கு,

கோடை தொடங்கியதும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சிம்கோ ஏரிக்கும் கவார்த்தா ஏரிகளுக்கும் படகை இழுத்துக்கொண்டு போகும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. காலையில் ஓர் ஏரி, மாலையில் இன்னோர் ஏரி என்று போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

ஓர் ஏரியில் புகுந்த அந்நிய உயிரினங்கள் அடுத்த ஏரிக்குப் பரவாமல் தடுக்க, 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. படகைத் தரைவழியே கொண்டுபோகும் முன் நீர் வடியும் மூடிகளைக் கழற்ற வேண்டும். படகு, மோட்டர், ட்றெயிலர், வண்டி எதிலும் ஒட்டியிருக்கும் செடி, பாசி, உயிரினங்களை அகற்ற வேண்டும். கனூ, கயாக் போன்ற துடுப்புப் படகு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

செடியை எல்லோரும் பிய்த்து எறிகிறார்கள். தவறு நடப்பது தண்ணீரில். வட அமெரிக்காவில் முதலில் 1988இல் சென்ற் கிளயர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட அந்நிய இனமான ஸீப்ரா மட்டியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு பெண்மட்டி ஆண்டுக்குப் பத்து இலட்சம் முட்டை வரை இடும். மீனை உயிரோடு வைக்கும் தொட்டியிலோ, படகின் அடியிலோ, மோட்டருக்குள்ளோ தேங்கிய கொஞ்சத் தண்ணீர் போதும், அவை அடுத்த ஏரிக்குப் போய்ச் சேர. போன இடத்தில் மட்டிகள் நீரிலுள்ள நுண்பாசியை வடித்து உண்டுவிடும். மீன்குஞ்சுக்கு இரை குறையும். நீர் தெளிந்து வெளிச்சம் ஆழத்துக்கு இறங்க, அடியில் களை மண்டும்.

படகை ட்றெயிலரில் ஏற்றியதும், படகு இறக்கும் சரிவிலேயே நின்று மற்றவர்களை மறிக்காமல், நீர் திரும்ப ஏரிக்குள் ஓடாத சமதரைக்கு இழுத்துச் செல்லுங்கள். பின்பக்க மூடியையும் தொட்டி மூடியையும் கழற்றுங்கள். வீடு போய்ச் சேரும்வரை பூட்ட வேண்டாம். மோட்டரை நிமிர்த்தி நேராக இறக்கி வையுங்கள். சாய்ந்திருந்தால் உள்நீர் வடியாது. பிறகு ட்றெயிலரின் உருளைகள், அச்சு, விளக்கு வயர் சுற்றிய இடம், நங்கூரக் கயிறு, மோட்டரின் விசிறி எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். இளம் மட்டிகள் மணல்தாள் போலச் சுரசுரக்கும். ட்றெயிலரில் சிக்கிய களையிலேயே மட்டிகள் ஒட்டிப் பயணிப்பதால் ஒரு துண்டையும் விடக் கூடாது. யூரேசிய மில்ஃபொயில் களை ஒரு சிறு துண்டிலிருந்தே மீண்டும் முளைக்கும்.

வீட்டில் 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சுடுநீரால் கழுவலாம், அல்லது 250 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நீர் பீய்ச்சலாம், அல்லது வெயிலில் 5 முதல் 7 நாள் காயவிடலாம். குளியலறைக் குழாயின் சுடுநீர் 49 பாகையைத் தாண்டக் கூடாது என்பது கட்டிட விதி. ஆகவே அதை நம்ப வேண்டாம். ஒக்ரோபரில் காயவிடுவதையும் நம்ப வேண்டாம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வளர்ந்த மட்டி நீருக்கு வெளியே வாரக்கணக்கில் கூட உயிரோடிருக்கும்.

தூண்டில்காரர்கள் அதிகம் பிழைவிடுவது இரைவாளியில். மிஞ்சிய இரைமீனை “பாவம், பிழைக்கட்டும்” என்று ஏரியில் விடுவது இரக்கமில்லை. வாளியில் இருப்பதை, தண்ணீர் உட்பட, எந்த நீர்நிலையிலும் அதிலிருந்து 30 மீற்றருக்குள்ளும் கொட்டுவது குற்றம். ஒன்ராறியோ நான்கு இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சில விதிவிலக்குகள் தவிர இரைமீனையும் இரையாகப் பயன்படும் அட்டைப்பூச்சியையும் ஒரு வலயத்திலிருந்து மற்றதற்குக் கொண்டுபோக முடியாது. மீன் பிடிக்கும் இடத்துக்கு அருகே வாங்குங்கள், ரசீதை வைத்திருங்கள்.

தூண்டிலில் ரவுண்ட் கோபி, நம்முடைய உளுவையின் உறவு, அகப்பட்டால் திரும்ப விடாதீர்கள், உயிரோடு கொண்டுபோகவும் வேண்டாம், அங்கேயே கொன்றுவிடுங்கள். முதல் முதுகுச் செட்டையில் கறுப்புப் புள்ளியும் வயிற்றில் உறிஞ்சுகிண்ணம் போல இணைந்த செட்டையும் அடையாளம். பாறைகளுக்கிடையே பாஸ் மீன் இட்ட முட்டைகளை இது தின்றுவிடும்.

படகு இறக்கக் கட்டணம் வாங்கும் நகரசபைகளிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. சரிவுக்கு மேலே நாலைந்து ட்றெயிலர்கள் நிற்கக்கூடிய சரளைக்கல் தளம் ஒன்று வேண்டும். வடித்த நீர் அங்கேயே நிலத்தில் சுவறிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் நிற்கும் அறிவிப்புப் பலகையில், மூடி எது என்று காட்டும் படமும் நாலு வரி தமிழும் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மீன்பிடி ஆர்வலர்கள் சிலர்,
ஸ்காபரோ