கம்பனி திறக்க முன்னர் ஒரு கேள்வி: பிரித்தானியாவில் உள்ள தமிழ்க் கணக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கவுண்டன்ட் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

யாராவது உங்களிடம் வந்து "லிமிடெட் கம்பனி ஒன்று திறக்க வேண்டும்" என்று சொன்னால், கம்பனிக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்க முன்னர், "வீட்டில் யாராவது யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிப்பணம்தான் யூனிவர்சல் கிரெடிட். இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

வார இறுதிகளில் எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கவும், அரசாங்கக் கடிதங்களை விளங்கப்படுத்தவும் நான் உதவுகிறேன். ரோல்ஸ், கட்லட் செய்து பிறந்தநாள் விழாக்களுக்குக் கொடுக்கும் அம்மாமார், பார்சல் ஓடுகிறவர்கள், பெயின்ட் வேலை செய்கிறவர்கள் என்று பலர் வருவார்கள். கம்பனி திறந்த பலர் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "லிமிடெட்டாகப் போட்டுச் சம்பளத்தைக் குறைவாகக் காட்டினால் பெனிபிட் குறையாது என்று அக்கவுண்டன்ட் சொன்னவர்."

அந்த அறிவுரை ஒரு காலத்தில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. டாக்ஸ் கிரெடிட் என்ற பழைய உதவிப்பணம் இருந்த காலத்தில் கம்பனியின் இயக்குநர் எடுக்கும் சம்பளத்தையும் பங்கு இலாபத்தையும்தான் பொதுவாகக் கணக்கில் எடுத்தார்கள். கம்பனிக்குள் விட்டுவைத்த இலாபம் கம்பனியினுடையது. ஆனால் டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த யூனிவர்சல் கிரெடிட் அப்படிப் பார்ப்பதில்லை.

2013ஆம் ஆண்டு யூனிவர்சல் கிரெடிட் ஒழுங்குவிதிகளில் 77ஆவது விதியை நீங்கள் ஒருமுறை எடுத்து வாசிக்க வேண்டும். ஒருவர் கம்பனியின் தனி உரிமையாளரைப் போலவோ பங்காளியைப் போலவோ இருந்தால், கம்பனியின் வருமானத்தை, அல்லது அதில் அவருடைய பங்கை, அவருடைய சொந்த வருமானமாகவே கணிப்பார்கள். கம்பனி என்ற சுவரை அந்த விதி கணக்கிலேயே எடுப்பதில்லை. மாதம் 500 பவுண்ட் சம்பளம் காட்டிவிட்டு 1,200 பவுண்டைக் கம்பனி வங்கிக் கணக்கில் விட்டுவைத்தால், அந்த 1,200உம் சேர்ந்துதான் உதவிப்பணம் கணக்கிடப்படும்.

இதே விதியில் ஆறுதலான பக்கமும் உண்டு. அந்தத் தொழிலில் அவர் வேலை செய்துகொண்டிருக்கும்வரை, தொழிலுக்குப் பயன்படும் கம்பனியின் முதலை அவருடைய சேமிப்பாகப் பார்க்கமாட்டார்கள். சமையல் உபகரணங்களும் தொழிலுக்கு வைத்திருக்கும் பணமும் 16,000 பவுண்ட் சேமிப்பு எல்லைக்குள் வராது. இது தெரியாமல் பயத்தில் பணத்தை மச்சானின் கணக்குக்கு மாற்றியவர்கள் இருக்கிறார்கள். மாற்றியதால்தான் அவர்களுக்குச் சிக்கல் வந்தது.

அடுத்தது, வருடக் கணக்கும் மாதக் கணக்கும். உங்கள் வேலை வருடத்துக்கு ஒருமுறை. யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாதாமாதம் சொல்ல வேண்டும், அந்த மாதமும் ஒன்றாம் திகதியில் தொடங்குவதில்லை. விண்ணப்பித்த நாளைப் பொறுத்து 14ஆம் திகதியிலிருந்து 13ஆம் திகதிவரை என்றெல்லாம் வரும். கையில் வந்த காசு, கையால் போன காசு, அவ்வளவுதான் கணக்கு. தேய்மானம் கிடையாது. இயக்குநர் சம்பளத்தை நீங்கள் பி.ஏ.ஒய்.ஈ. என்ற சம்பள வரி முறை வழியாக வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.க்கு அறிவித்தவுடன் அது தானாகவே உதவிப்பணத் திணைக்களத்துக்கும் போய்விடுகிறது. கம்பனி வருமானத்தைச் சொல்லும்போது அந்தச் சம்பளத்தைச் செலவாகக் கழிக்க வேண்டும் என்று கம்பனி திறந்த அம்மாவுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரே காசு இரண்டுதரம் வருமானமாக ஏறுகிறது.

கார் விஷயம் இன்னும் மோசம். பார்சல் ஓடுகிற தம்பிக்குக் கம்பனி பெயரில் கார் வாங்கினால் வரியில் கழிக்கலாம் என்கிறீர்கள். சரி, வரிக்கு அது உதவலாம். யூனிவர்சல் கிரெடிட்டில் சாதாரணக் கார் வாங்கிய செலவைக் கழிக்கவே முடியாது. மைல் கணக்குத்தான்: மாதத்தில் முதல் 833 மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். வானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கார் வாங்குவதா வான் வாங்குவதா என்று அந்தத் தம்பி யோசிக்கும் நேரத்தில் இதைச் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள் மட்டும்தான்.

இனி, குடும்பங்களை உண்மையிலேயே உடைக்கிற விஷயம்: மினிமம் இன்கம் ஃப்ளோர், அதாவது நீங்கள் குறைந்தது இவ்வளவு உழைத்ததாக அவர்களே வைத்துக்கொள்ளும் தொகை. முழுநேரம் உழைக்கக்கூடியவருக்கு வாரம் 35 மணித்தியாலம், குறைந்தபட்ச ஊதியத்தில். 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை அந்த ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் மாதத்துக்குச் சுமார் 1,850 பவுண்ட், வரியும் தேசிய காப்புறுதியும் கழித்தால் 1,600 பவுண்டுக்குச் சற்று மேல். கம்பனி உண்மையில் 700 பவுண்ட்தான் உழைத்தாலும், 1,600 உழைத்ததாகவே கணக்கு ஓடும். உழைக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைக்கிற முறையில், கண்ணால் காணாத அந்தக் காசுக்காக மாதம் 500 பவுண்ட் அளவில் உதவிப்பணம் குறைந்துவிடும். லண்டனில் வாடகை கொடுக்கும் ஒரு குடும்பத்துக்கு 500 பவுண்ட் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தொழில் தொடங்கிய முதல் 12 மாதம் இந்த மினிமம் இன்கம் ஃப்ளோர் எல்லை பொருந்தாது. தொழிலை வளர்க்க முயற்சி எடுக்கிறோம் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வருடத்தைப் பயன்படுத்திவிட்டால், வேறு தொழில் தொடங்கினாலும் 5 வருடத்துக்குள் திரும்பக் கிடைக்காது. அவசரப்பட்டு, வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத நிலையில் கம்பனியைத் திறந்து அந்த வருடத்தைக் கரைத்தவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பிள்ளையை முக்கியமாகக் கவனிக்கிற அம்மாவுக்குக் கடைக்குட்டி 3 வயதுக்குக் குறைவு என்றால் இந்த எல்லையே கிடையாது. 3 முதல் 12 வயது என்றால் 35 மணித்தியாலத்துக்குப் பதிலாக அதிகபட்சம் 30தான். எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்க இதெல்லாம் தெரிய வேண்டாமா?

இன்னொன்றையும் நேராகவே கேட்கிறேன். இவ்வளவு சிறிய தொழிலுக்குக் கம்பனி எதற்கு? தனிநபராகச் சுயதொழில் செய்தால் 12,570 பவுண்ட்வரை வருமான வரி இல்லை. கம்பனியில் விட்டுவைக்கும் இலாபத்துக்கு முதல் பவுண்டிலிருந்தே 19 சதவீத வரி. அந்த இலாபத்தைச் சம்பளமாக எடுத்தால், 2025 ஏப்ரலிலிருந்து 5,000 பவுண்டுக்கு மேல் முதலாளி பக்கத் தேசிய காப்புறுதி 15 சதவீதம். வேறு ஊழியர் இல்லாத ஒற்றை இயக்குநர் கம்பனிக்கு முதலாளி பக்கத் தேசிய காப்புறுதியைக் குறைக்கும் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் சலுகையும் இல்லை. கணக்கை ஒரு மாதம் பிந்திக் கொடுத்தால் 150 பவுண்ட் தண்டம், ஆறு மாதம் தாண்டினால் 1,500. பெரிய ஒப்பந்தக்காரர் கம்பனியாகத்தான் வர வேண்டும் என்று கேட்டாலோ, கடன் பொறுப்பு வீட்டுக்கு வரும் ஆபத்து இருந்தாலோ, கம்பனி தேவைதான். வார இறுதியில் கட்லட் பொரித்துக் கொடுப்பவருக்குத் தேவையில்லை. உங்களுக்கு அது ஒரு வருடாந்தக் கட்டணம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டணம் யாருடைய காசிலிருந்து வருகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

உதவிப்பணம் எடுத்துக்கொண்டே கம்பனி நடத்துவது சட்டவிரோதம் இல்லை. இதை நீங்கள் உரக்கச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். அந்தப் பயத்தில்தான் மனைவியின் பெயரில், தம்பியின் பெயரில் கம்பனி திறக்கிறார்கள். கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பித்திருந்தால் யார் பெயரில் இருந்தாலும் அது ஒரே குடும்ப வருமானம்தான். கம்பனிகளைப் பதிவு செய்யும் அரச அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 2025 நவம்பர் 18ஆம் திகதியிலிருந்து இயக்குநர்கள் அடையாளத்தை உறுதிப்படுத்துவதும் கட்டாயமாகிவிட்டது. மறைத்தது பிடிபட்டால் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், தண்டமும் வரலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்த நேரத்தில் "அக்கவுண்டன்ட் சொன்னவர்" என்பது யாரையும் காப்பாற்றாது.

எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் வரும் திணைக்களக் கடிதத்தைவிடத் தமிழில் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லைத்தான் நம்புகிறார்கள். அதனால்தான் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஆம் என்றால், கம்பனி பதிவு செய்ய முன்னர் சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை நிலையத்துக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே கம்பனி இருப்பவர்களுக்கு, அவர்களுடைய யூனிவர்சல் கிரெடிட் மாதத் திகதிகளின்படி வரவு, செலவு, இயக்குநர் சம்பளம் மூன்றையும் காட்டும் ஒரு பக்கத் தாளைத் தமிழில் செய்து கொடுங்கள். கணக்கியல் தெரிந்த உங்களில் ஒருவர் அந்தத் தாளின் மாதிரியைத் தயாரித்தால், அதை எளிய தமிழில் எழுதவும், கோயில்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் கொண்டுபோய்க் கொடுக்கவும் நானும் என்னுடன் உதவி செய்பவர்களும் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
கிழக்கு லண்டனில் படிவம் நிரப்ப உதவும் ஒருத்தி