தண்ணீர் இல்லாத ஹோட்டல் அறைக்குக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, லெனேசியா, ஜொகானஸ்பர்க்.
(பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள், டர்பன், குவாசுலு-நட்டால்.

பொருள்: டர்பன் கடற்கரைச் சாலை ஹோட்டல் ஒன்றில் தைப்பூசக் காவடியின்போது எடுத்த இரண்டு அறைகளுக்கான 9,600 ராண்டையும், குடிநீர்ப் புட்டிகளுக்கென வாங்கிய 270 ராண்டையும் திரும்பப் பெற்றுத் தர வேண்டுதல்; முன்பு கொடுத்த புகார்களுக்குப் பதில் வராமை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் உள்ள விவரங்களை மின்னஞ்சல் வழியாகவும் நேரிலும் ஏற்கெனவே ஆங்கிலத்தில் தங்கள் அலுவலகத்திற்குக் கொடுத்துவிட்டேன். எழுத்தில் ஒரு வரி பதிலும் வரவில்லை. நம்மவர் பெருவாரியாக வாழும் டர்பன் பகுதியான சாட்ஸ்வர்த்தில் தாங்கள் வளர்ந்தவர் என்றும் தமிழ் நன்றாகப் படிப்பவர் என்றும் கோவிலில் சொல்லக் கேட்டதால், இந்த முறை தமிழில் எழுதத் துணிந்தேன். நம் தென்னாப்பிரிக்க நாட்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; ஆகவே இதனைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கோப்பில் வைப்பதற்கு ஆங்கிலப் படியும் கூடவே இணைத்திருக்கிறேன்.

1. காவடிக்காக லெனேசியாவிலிருந்து நாங்கள் ஆறு பேர் டர்பன் வந்தோம்: என் தாயார், என் கணவர், தங்கை, தங்கையின் கணவர், அவர்கள் மகன், நான். வெள்ளிக்கிழமை மாலை முதல் திங்கட்கிழமை காலை வரை மூன்று இரவுகளுக்கு இரண்டு அறைகள். ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு 1,600 ராண்ட். முழுத்தொகையையும் ஹோட்டலுக்கே வங்கி அட்டை மூலம் முன்கூட்டியே கட்டிவிட்டோம். இடையில் எந்த ஏஜென்டும் இல்லை. ஹோட்டல் சவுத் பீச் பக்கம், கடற்கரை நடைபாதைக்கு நேர் எதிரே உள்ளது. எந்தக் கட்டடம் என்பது தங்களுக்குச் சொல்லாமலே விளங்கும், பெயரும் பில்லும் இணைப்பில் உள்ளன.

உறவினர் வீடுகள் இருக்க ஹோட்டல் எதற்கு என்று தங்கள் அலுவலகக் கவுன்டரில் ஒருவர் கேட்டார். காவடி நாளில் சாட்ஸ்வர்த்து வீடுகளில் கால் வைக்க இடம் இருக்காது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தங்களுக்குத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. என் தாயாருக்கு இப்போது 79 வயது, கிளேர்வுட்டில் பிறந்தவர். அவருடைய இளமைக் காலத்தில் அந்தக் கடற்கரை ஹோட்டல்களில் நம்மவர் போய் அறை கேட்க முடியாது. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்துவைத்த 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் ஒழிந்தது. கடலைப் பார்த்தபடி இருக்கும் அறை ஒன்றில் ஒரு தடவையாவது தங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்து அந்த இடத்தைப் பிடித்தோம்.

2. ஹோட்டலின் இணையப் பக்கத்தில், நகராட்சித் தண்ணீர் நின்றாலும் விருந்தினருக்குத் தடையில்லாமல் தண்ணீர் கிடைக்கச் சேமிப்புத் தொட்டியும் பம்பும் இருப்பதாகத் தெளிவாகப் போட்டிருந்தார்கள். டர்பனில் சில ஆண்டுகளாகத் தண்ணீர்ப்பாடு எப்படி என்று நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் அந்த வரியைப் படித்தபின் பணம் கட்டினோம். அந்தப் பக்கத்தின் படம் இணைப்பில் உள்ளது. பின்னர் அவ்வரியை எடுத்துவிட்டார்கள். எடுத்தபின் இருந்த பக்கத்தையும் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

3. இனி தண்ணீர். ஐயா, படுக்கை விரிப்பில் கறை இருந்தது, ஏசி இரவெல்லாம் உறுமியது, ஜன்னல் ஒன்று மூடவில்லை. இவற்றையெல்லாம் நான் குறையாக எழுதவில்லை, அவற்றுக்காக ஒரு காசும் கேட்கவில்லை. என் மனு தண்ணீரைப் பற்றியது மட்டுமே.

வெள்ளி இரவே குழாயில் நூலிழை போலத்தான் வந்தது. சனிக்கிழமை காலையில் அதுவும் நின்றது. ரிசெப்ஷனில் கேட்டதற்கு, நகராட்சி குழாய்களில் பழுது வேலை நடத்துகிறது, சற்று நேரத்தில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவோம் என்றார்கள். மதியம் வரை பார்த்துவிட்டுத் தங்கையின் கணவர் சாட்ஸ்வர்த்துக்குக் காரில் போய் உறவினர் வீட்டிலிருந்து கேன்களில் பிடித்து வந்தார். அது அன்றையப் பொழுதுக்கே சரியாகப் போயிற்று. மாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குழாயில் நன்றாகவே வந்தது. பம்பைப் பழுது பார்த்துவிட்டோம், இனி கவலை வேண்டாம் என்று மேலாளரே எங்கள் அறை வாசலுக்கு வந்து சொன்னார். அவர் சொல்லை நம்பித்தான் மறுபடி தண்ணீர் எடுக்கப் போகாமல் இருந்தோம்.

ஞாயிறு விடியற்காலை மூன்றரை மணிக்கு என் தங்கை மகன் குளிக்கக் குழாயைத் திறந்தான். முதலில் காற்று இருமியது, பிறகு துருநிறத்தில் ஒரு கை அளவு கொட்டியது, அவ்வளவுதான். பையன் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருந்தவன், அன்று காவடி எடுக்க வேண்டியவன். விடிவதற்குள் தலைமுழுகி மஞ்சள் துணி உடுத்தி கிளேர்வுட் கோவிலுக்குப் போய்ச் சேர வேண்டும். குளிக்காமல் காவடியைத் தொடலாமா என்று நான் தங்களுக்கு எழுத வேண்டியதில்லை. வந்த இடத்தில், பணம் கட்டிய அறையில், ஆறு பேருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கழிவறையில் ஊற்றுவதற்கும் இல்லை. முந்தைய இரவிலிருந்து பயன்பட்ட கழிவறை அது, அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது.

நான் கீழே போனேன். ரிசெப்ஷனில் ஓர் இளைஞர் மட்டுமே இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் மேலாளரைப் போனில் அழைத்தபடியே இருந்தார், அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் சாப்பாட்டு அறையிலிருந்து ஐந்து லிட்டர் குடிநீர்ப் புட்டிகள் ஆறு கொண்டுவந்து கொடுத்தார். ஆண்கள் மூவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இருட்டில் சாலையைக் கடந்து, கடலில் குளித்தவர்கள் உப்பைக் கழுவிக்கொள்வதற்காக நடைபாதை ஓரத்தில் வைத்திருக்கும் பொதுக் குழாய்க்குப் போனார்கள். அந்த நேரத்தில் அந்த இடம் எப்படிப்பட்டது என்பது தங்களுக்குத் தெரியும். ஒருவர் குளிக்க, மற்ற இருவரும் காவல் நின்றார்கள்.

அறையில் என் தாயாரைக் கழிவறை மூடியின்மேல் உட்காரவைத்து, குவளை எதுவும் இல்லாததால் காப்பிக் கோப்பையால் அந்தப் புட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு நானும் தங்கையும் ஊற்றினோம். பிரிட்ஜில் இருந்த தண்ணீர். அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. தலைக்கு ஊற்ற வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. பேரன் காவடி எடுக்கிற நாளில் தலைமுழுகாமல் கோவிலுக்கு வரமாட்டேன் என்றார். அன்று பிற்பகலிலேயே அவருக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. மருத்துவர் சீட்டு இணைப்பில் உள்ளது. அந்தச் செலவை நான் கேட்கவில்லை.

அந்த ஆறு புட்டிகளுக்கும் தலா 45 ராண்ட் வீதம் 270 ராண்ட் திங்கட்கிழமை பில்லில் ஏற்றப்பட்டிருந்தது. ஐயா, இதைத் தயவுசெய்து மறுபடி ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். குளிக்கத் தண்ணீர் தராத ஹோட்டல், அதற்குப் பதிலாகக் கொடுத்த தண்ணீருக்கு விலை போட்டது.

4. நகராட்சியின் குறைக்குத் தான் பொறுப்பல்ல என்று ஹோட்டல் சொல்கிறது. இரண்டு விஷயங்களைத் தங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும் நகராட்சிப் பொதுக் குழாயில் அதே நேரத்தில் தண்ணீர் தாராளமாக வந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் அதில்தான் குளித்தார்கள். இரண்டு, திங்கட்கிழமை காலை காரை எடுக்கப் பின்பக்கம் போனபோது அந்தப் புகழ்பெற்ற சேமிப்புத் தொட்டியை நானே பார்த்தேன். பச்சை ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். விரலை மடக்கி அடியிலிருந்து மேல்வரை தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே வெற்றோசை. பம்பிலிருந்து கட்டடத்துக்குப் போக வேண்டிய குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பை வைத்துக் கட்டியிருந்தார்கள். பைமேல் சிலந்தி வலை. படம் எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை பழுது பார்த்தோம் என்று மேலாளர் சொன்னது எந்தப் பம்பை?

5. பணம் கேட்டபோது, புக்கிங் விதிகளில் பணம் திரும்பத் தரப்படாது என்று எழுதியிருப்பதாகவும், மூன்று இரவும் அறையில் தங்கிவிட்டபடியால் கேட்க உரிமை இல்லை என்றும் மேலாளர் எழுதினார். அதற்குப் பதிலாகக் குளிர்காலத்தில் வந்தால் 20 சதவீதம் தள்ளுபடி தரும் வவுச்சர் ஒன்றை அனுப்பினார். அதை நான் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தப் போவதுமில்லை.

2011 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை (2008இன் 68ஆம் எண் சட்டம்) தங்களுக்கு எடுத்துச் சொல்வது எனக்கு அழகல்ல. ஆனாலும் யாரும் பதில் சொல்லாதபோது நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 54ஆம் பிரிவின்படி, மக்கள் நியாயமாக எதிர்பார்க்கும் தரத்தில் சேவை தரப்படாவிட்டால், குறையைச் சரிசெய்யவோ, கொடுத்த பணத்தில் அக்குறைக்கு ஏற்ற நியாயமான பங்கைத் திரும்பத் தரவோ நுகர்வோர் கேட்கலாம். 41ஆம் பிரிவு, இல்லாததை இருப்பதாகக் காட்டி விற்பதைத் தடுக்கிறது. 51ஆம் பிரிவு, சட்டம் கொடுத்த உரிமையை ஒப்பந்த வரி ஒன்றைப் போட்டுப் பறிக்க இடம் தரவில்லை. நியாயமான பங்கு என்பது பாதியா, முக்காலா, முழுதுமா என்று வாதிக்க ஹோட்டலுக்கு உரிமை இருக்கிறது. கட்டிலில் படுத்தோம், விளக்கைப் போட்டோம் என்று அதற்கொரு விலை வைத்துக் கழிப்பதானால் கழிக்கட்டும். அந்தக் கணக்கை எழுத்தில் தரட்டும், தாங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்றுமே தர முடியாது என்பதுதான் சட்டத்தில் இல்லாதது.

6. பதில் வராமை குறித்து. புகார் எண் கொடுத்தார்கள். போன் செய்தால் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு, கோப்பு ஓர் அதிகாரியிடம் இருக்கிறது, அவர் விடுப்பில் இருக்கிறார் என்கிறார்கள். விடுப்பிலிருந்து வந்தபின் கேட்டால், கோப்பு வேறொருவரிடம் போய்விட்டது என்கிறார்கள். உறவினர் திருமணத்துக்கு டர்பன் வந்தபோது நேரிலும் வந்தேன். ஏறக்குறைய 570 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தவள் என்பதையும் சொன்னேன். புகார் கொடுக்கச் சட்டம் மூன்றாண்டு அவகாசம் தருகிறது, அவசரம் ஒன்றும் இல்லையே அம்மா என்று கவுன்டரில் புன்சிரிப்போடு சொன்னார்கள். அந்த மூன்றாண்டு நுகர்வோர் புகார் கொண்டுவருவதற்கான கெடு. அலுவலகம் பதில் சொல்லாமல் இருப்பதற்கான கெடு அல்ல. என் தாயாருக்கு வயது 79 என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

அவர் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார், அவர்கள் ஏதாவது எழுதினார்களா என்று. பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தாம் குளிர்ந்த தண்ணீரில் நடுங்கி உட்கார்ந்திருந்ததை யாராவது ஒரு காகிதத்திலாவது தவறு என்று ஒப்புக்கொண்டார்களா என்றுதான் கேட்கிறார். நான் என்ன சொல்வது? அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்றா?

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். தாங்கள் வேலைச் சுமையில் இருப்பவர் என்பதும், இதைவிடப் பெரிய மோசடிகள் தங்கள் மேசையில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கோப்பில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. விளம்பரம் இருக்கிறது, பில் இருக்கிறது, தொட்டியின் படம் இருக்கிறது, மேலாளரின் மின்னஞ்சல் இருக்கிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து அந்த ஹோட்டல் நடக்கும் தூரந்தான். ஓர் ஆய்வாளர் ஒரு மதியம் போய் அந்தத் தொட்டியைத் தட்டிப் பார்த்தால் போதும்.

ஆகவே ஐயா அவர்கள்,

அ) 9,600 ராண்டை, அல்லது காரணத்தோடு எழுத்தில் நிர்ணயிக்கப்படும் நியாயமான பங்கை, ஹோட்டலிடமிருந்து பெற்றுத் தருமாறும்;

ஆ) புட்டித் தண்ணீருக்கு வாங்கிய 270 ராண்டை எந்தக் கழிவும் இல்லாமல் முழுதாகத் திரும்பத் தரச் செய்யுமாறும்; இதில் நான் ஒரு சதமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்;

இ) ஹோட்டல் இணங்காவிட்டால் மாகாண நுகர்வோர் நீதிமன்றத்திற்கோ தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்திற்கோ கோப்பை அனுப்ப ஆவன செய்யுமாறும்;

ஈ) இம்மனுவுக்காவது எழுத்தில் பதில் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் எங்களுக்கு எதிராக இருந்தாலும் சரி, காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு அதே ஹோட்டலில் அறை எடுக்கப்போகும் குடும்பங்கள் இப்போதே புக்கிங் செய்யத் தொடங்கியிருப்பார்கள். அதற்குமுன் இதைக் கவனித்து அந்தப் பணத்தைப் பெற்றுத் தர வேண்டுமென மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர்