வரிசையைப் பார்க்காதே, குழாயைப் பாரு

கொழிஞ்சாம்பாறை
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

கொச்சியில பேர் எடுத்திருக்கிற அந்த ஃப்ரோசன் யோகர்ட் (உறைய வெச்ச இனிப்புத் தயிர்) கடைக்குக் கூட்டுக்காரிகளோட போலாமா, காசுக்குத் தகுமான்னு கேட்டிருந்தே. ஒரு தடவை போயிட்டு வா. வாசல்ல நிக்கிற வரிசைய வெச்சு மட்டும் முடிவு பண்ணாதே. வரிசை நீளம்னா மெஷின்ல கலவை தேங்காம ஓடுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

உள்ள போனதும், மெஷின்ல ருசிக்கு ஒண்ணா இருக்கிற குழாய்ல, எதுவும் கலக்காத வெறும் புளிப்புத் தயிர்க் குழாய் எதுன்னு கேளு. ருசி பார்க்கச் சின்னக் கப் கேட்டா பல கடையில குடுப்பாங்க. சாக்லேட் எந்தக் குறையையும் மூடிடும், வெறும் தயிர்ல ஒளிய இடமில்ல. நாக்குல வெச்சதும் சுருக்குன்னு புளிச்சு, முழுங்கினதும் புளிப்பு காணாம போச்சுன்னா, பெரும்பாலும் பவுடரைக் கரைச்சு சிட்ரிக் அமிலத்துல புளிக்க வெச்சது. உறை ஊத்தின தயிர்னா புளிப்பு மெதுவா ஏறும், தொண்டை வரைக்கும் நிக்கும், கட்டித் தயிரோட மணமும் லேசா வரும்.

‘உயிருள்ள பாக்டீரியா’ன்னு போர்டு வெச்சிருந்தா, தயிர் ஆனதுக்கப்புறம் கலவையச் சூடு பண்ணினாங்களான்னு கேளு. தயிராக்குற லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் ரெண்டும் குளிர்ல தூங்கும், பெரும்பாலும் சாகாது. சூட்டுலதான் சாகும். அப்புறம், ‘கொழுப்பு இல்லை’ன்னு எழுதியிருந்தா சக்கரை இல்லைன்னு நினைச்சுக்காதே. சக்கரை இல்லாத தயிர் உறைஞ்சா பாறையாகிடும், குழாய்ல இறங்கவே இறங்காது. அந்த மெதுமெதுப்புக்கு விலையே சக்கரைதான்.

மெஷினைத்தான் நிதானமாப் பார்க்கணும். மேல கலவைத் தொட்டி, 4 டிகிரிக்கு மேல போகாம இருக்கணும். கீழ சிலிண்டர், அதோட சுவர்ல படியுற ஐஸை உள்ள சுத்துற பீட்டர்ங்கிற துடுப்பு சுரண்டிக்கிட்டே, காத்தையும் அடிச்சுக் கலக்கும். வெளிய வரும்போது மைனஸ் 6, 7 டிகிரி. நல்லா இருந்தா, நட்சத்திர வாய் வழியா நாடா மாதிரி இறங்கி, கப்புல விழுந்த பின்னாடியும் வரிவரியான விளிம்பு ஒரு நிமிஷமாவது மழுங்காம நிக்கும். புஸ்ஸு புஸ்ஸுன்னு துப்பினா தொட்டியில கலவை தீர்ந்து காத்து புகுந்துடுச்சு. தொளதொளன்னு வந்தா, முந்தின ஆளுங்க இழுத்துத் தீர்த்துட்டாங்க, இன்னும் உறையல. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பிடி. நாக்குல ஐஸ் துணுக்கு நறநறன்னா உருகினது மறுபடி உறைஞ்சிருக்கு. மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வந்தா இப்படித்தான் ஆகும், அன்னிக்கு வாங்காதே. குழாய் வாயில மஞ்சளாக் காய்ஞ்ச ஏடு இருந்தா எவ்வளவு பேர் கொண்டாடினாலும் திரும்பி வந்துடு. கழட்டிக் கழுவி, கிருமிநாசினி போட்டு, ரப்பர் வளையத்துக்குச் சாப்பிடத் தகுந்த கிரீஸ் தடவி மாட்டுற வேலைய அவங்க செய்யலைன்னு அது சொல்லுது.

காசு விஷயம். எடைக்குப் போடுற கடையில பெரிய கப்பைத்தான் நீட்டுவாங்க. 100 கிராம்ங்கிறது நம்ம காபி டம்ளர்ல முக்காலுக்குக் கொஞ்சம் மேல. பெரிய கப்புல அது அடியில கிடக்கும், கை தானா இன்னும் இழுக்கும். அரைக்கு மேல நிரப்பாதே. காலிக் கப்பைத் தராசுல வெச்சுப் பூஜ்யம் ஆக்கச் சொல்லு. 100 கிராம் 90 ரூபாய்னா, 15 கிராம் கப்புக்கே பதிமூணரை ரூபாய் போயிடும். மேல தூவுறதுல பப்பாளி, சிரப்புல ஊறின லிச்சி, ஜெல்லி எல்லாம் தண்ணிக் கனம். பாதாம், பிஸ்தா எடை கம்மி, விலை ஜாஸ்தி. எல்லாத்துக்கும் ஒரே எடை விலைங்கிறதால பருப்பை எடுத்துக்கோ. (கடைக்காரனுக்கும் இது தெரியும், அதனாலதான் பருப்பு டப்பா கடைசியில, கைக்கு எட்டாத மூலையில இருக்கும்.)

புளிப்பு சரியில்லைன்னா, அந்தக் காசுல வீட்டுலயே பண்ணிப் பாரு. மில்மா தயிர் ஒரு கிலோ வாங்கித் துணியில கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ள ஆறு மணி நேரம் தொங்கவிடு. பாதிக்குப் பாதி நிக்கும். அந்த அரைக்கிலோவுக்குப் பொடிச்ச சக்கரை 100 கிராம், தேன் ரெண்டு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ஃப்ரீசர்ல வெச்சு 40 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு நாலு தடவை ஓரத்துல இருந்து வழிச்சுக் கிளறு. கிளறாம விட்டா ஐஸ் முள்ளு முள்ளா வளரும். பழத்துண்டை உள்ள போடாதே, கல்லாகும். முதலமடை மாம்பழத்தைக் கூழாக்கிக் கடைசிக் கிளறல்ல சேர்த்தா நல்லாருக்கும்.

கடையில வாங்கினதைப் பார்சல் கட்டி ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போகாதே. வழியில உருகும், அங்க ஃப்ரீசர்ல மைனஸ் 18-ல மறுபடி இறுகினா ஸ்பூனே இறங்காது. அங்கயே நின்னு தின்னுடு. வெறும் தயிர் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எழுது, மத்த ருசியெல்லாம் எனக்கு வேண்டாம்.

அப்பா