சிகாகோவுக்கு முந்திய ராட்டினமும் பாம்பன் தூக்குப் பாலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்குப் பூங்கா விளையாட்டுகள் எப்படிப் பிறந்தன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். நடை நன்றாக இருந்தது. ஆனால் சிகாகோ ராட்டினத்தின் படத்துக்குக் கீழே 'உலகின் முதல் ராட்டினம்' என்று போட்டிருக்கிறீர்கள். பேரன் உடனே, "அப்ப ஏர்வாடி ராட்டினம் சிகாகோவுல இருந்தா வந்துச்சு, தாத்தா?" என்று கேட்டான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சிறுவனாக இருந்தபோது ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்கு வரும் ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது. இரண்டு மரத்தூண்கள், குறுக்கே ஒரு தண்டு, நாலு தொட்டில், அவ்வளவுதான். கீழே வரும் தொட்டிலை ராட்டினக்காரர் பிடித்துத் தள்ளிவிடுவார். கனத்த ஆள் ஏறினால் எதிர்த் தொட்டிலில் எங்களைப் போல இரண்டு பொடியன்களைக் காசு வாங்காமல் ஏற்றிச் சமன் செய்வார். அந்த ஆசையிலேயே கனத்த ஆள் வரட்டும் என்று காத்து நின்றிருக்கிறோம். தண்டு கிறீச்சிட்டால் விளக்கெண்ணெய் ஒரு கை தடவுவார்.

இந்த மாதிரிச் சக்கரம் 1615லேயே இஸ்தான்புல்லில் சுற்றியிருக்கிறது. ரம்ஜான் கொண்டாட்டத்தில் அதில் ஏறிப் பரவசப்பட்டதை இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே எழுதி வைத்திருக்கிறார். சிகாகோ ராட்டினம் வந்தது அதற்கு 278 ஆண்டுகள் கழித்து, 1893இல்.

இதனால் சிகாகோ ராட்டினத்தைக் கட்டிய ஜார்ஜ் ஃபெரிஸின் பெருமை ஒன்றும் குறையாது. பாலங்களுக்கான எஃகைச் சோதித்துச் சான்று தரும் பொறியாளர் அவர். பாரிஸ்காரர்கள் 1889இல் ஈபிள் கோபுரத்தை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பதிலாக நாம் எதையாவது காட்ட வேண்டும் என்று சிகாகோ கண்காட்சிக்காரர்கள் துடித்தபோது, 264 அடி உயரத்தில் சக்கரத்தை நிறுத்திக் காட்டினார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவுப் பையன்களுக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் எனக்கு வாய் பிளப்பது அந்த அச்சுத்தண்டைப் பார்த்துத்தான். ஏறத்தாழ 45 அடி நீளம், 40 டன்னுக்கு மேல் எடை! மூன்றே ஆண்டில், 37 வயதில், மனிதர் இறந்துபோனார். சக்கரத்தை 1906இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இன்னொன்று: அந்தக் கண்காட்சியே கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 400ஆம் ஆண்டு நினைவாக நடந்தது. நம் திருவிழாப் பொருட்காட்சிகளில் ஜயண்ட் வீலுக்குப் பக்கத்திலேயே முன்னும் பின்னும் ஆடும் கப்பலுக்கு 'கொலம்பஸ்' என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கட்டுரையாளரோடு நான் மாறுபடும் இடம் வேறு. இந்த விளையாட்டுகள் எல்லாம் 'கற்பனையில் உதித்தவை' என்கிறார். எனக்குத் தெரிந்து இவற்றில் பல வேலைத்தளத்தில் உதித்தவை. குடை ராட்டினத்துக் குதிரை, ஈட்டியால் வளையத்தைக் குத்தி எடுக்கப் பழகிய குதிரைவீரர்களின் பயிற்சிக் கட்டை. தண்ணீர்ச் சறுக்கில் இறங்கும் கட்டைப்படகு, மலைக்காட்டில் வெட்டிய மரத்தை வாய்க்காலில் விட்டுக் கீழே இறக்கியவர்களின் உத்தி. ரோலர் கோஸ்டரின் ஒரு பாட்டன் ரஷ்யாவின் பனிச்சறுக்கு, இன்னொரு பாட்டன் பென்சில்வேனியாவில் 1827இல் போட்ட நிலக்கரித் தண்டவாளம். கரி வண்டி சரிவில் தானாக உருண்டு இறங்கும். வண்டியை மேலே இழுத்துப் போகும் கோவேறு கழுதைகளும் இறங்கும்போது வண்டியிலேயே உட்கார்ந்து வரும். இதைப் பார்த்துவிட்டு மனிதர்களும் காசு கொடுத்து ஏறத் தொடங்கினார்கள். 1884இல் நியூயார்க் கோனி தீவில் தாம்சன் என்பவர் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றியது அதற்கெல்லாம் பிறகு. வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான். நம் சைக்கிள் முந்திவிடும்.

நம் கடற்கரையிலேயே இதற்கு ஒரு பங்காளி உண்டு. ஃபெரிஸ் சக்கரம் சுற்றிய அதே 1893இல், அதே சிகாகோவில், வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளரின் தூக்குப் பாலத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. அவரும் அந்த ஆண்டே காலமாகிவிட்டார். அவர் முறையில் அமைந்த, இரண்டாகப் பிரிந்து எழும் இரட்டை இறக்கைதான் 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுவில் இருந்தது. இறக்கையின் அடியைப் பார்த்தால், ராட்டினத்தில் கால்வாசியை வெட்டி வைத்ததுபோல வளைந்திருக்கும். அந்த வளைவு பின்னால் உருள உருள இறக்கை மேலே எழும்பும். பின்பக்கம் எடைக்கு எடை கட்டியிருந்ததால் ஆட்கள் இரு பக்கமும் நின்று கையாலேயே இயக்கிவந்தார்கள். ஏர்வாடி ராட்டினக்காரர் எங்களைச் சும்மா ஏற்றிய அதே கணக்கு! கப்பல் வரும் நாட்களில் பக்கத்துச் சாலைப் பாலத்தில் பஸ், வேன், கார் எல்லாம் நின்றுவிடும். கைப்பிடிச் சுவர் நெடுக ஜனம் சாய்ந்து நிற்கும். டிக்கெட் இல்லாத வேடிக்கை.

2025 ஏப்ரலிலிருந்து ரயில் புதிய பாலத்தில் போகிறது. அதில் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது. பேரனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பொருட்காட்சிக்கு அவனைக் கூட்டிப் போனால் ஏற்றும் முன் பேரிங் சத்தத்தைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்பேன். போன முறை டிக்கெட் கிழிக்கும் பையன், "என்னய்யா, சக்கரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீக, ஏறலையா?" என்றான். "ஏறுறேன்பா, கிரீஸ் எப்ப வச்ச?" என்றேன். காலையில்தான் வைத்தானாம். ஏறினோம்.

படக்குறிப்பில் 'முதல்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
மண்டபம்.