நான்கு கல் தூண் கேட்டு ஒரு மடல்

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயாவுக்கு,

வணக்கம். கோவளத்துக்குத் தெற்கே எங்கள் படகுத்துறைச் சந்து கடலில் போய் முடிகிற இடம் உங்களுக்குத் தெரியும். மூன்று மனு கொடுத்துவிட்டோம். பொங்கலுக்கு முன்பு நீங்களே வந்து பார்த்தீர்கள். கார்கள் மணலில் இறங்காமல் தடுக்க நாங்கள் கேட்பது நான்கு கல் தூண், நடுவில் டிராக்டர் போக ஒரு சங்கிலி, அவ்வளவுதான்.

போன ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். வண்டி புதைந்துவிட்டதாம். ஆல் வீல் டிரைவ் கார். ஈர மணலில் நன்றாக ஓடியதை நம்பி மேட்டு மணலுக்குத் திருப்பியிருக்கிறார் அந்தத் தம்பி. மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும்; தார் ரோட்டுக்கான காற்று அப்படியே இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொல்லி விற்றவர், நாலும் சேர்ந்து குழி தோண்டும் என்று சொல்லவில்லை போலும்.

சரி, படகு இழுக்கும் டிராக்டரை வைத்து வெளியே எடுத்தோம். வெளிச்சம் வந்த பிறகுதான் தடத்தைப் பார்த்தேன். நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு பங்குனி ஆமைக் குழி அன்றிரவு பொரித்திருக்கிறது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குஞ்சுகள். கடலைப் பார்த்துப் போனவை டயர் தடத்தில் விழுந்து, ஏற முடியாமல், அதற்குள்ளேயே வடக்கு நோக்கி ஊர்ந்திருக்கின்றன. கடல் இருபது அடியில். காக்கைகள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டன. முப்பத்தொன்றைக் கையால் பொறுக்கி அலையில் விட்டோம். மற்றவற்றை எண்ண மனம் வரவில்லை.

1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், ஐயா. சாலையோரம் வலை காயப்போட்டால் எங்களைத் தேடி வருகிற சட்டத்துக்கு இந்தச் சந்து மட்டும் கண்ணில் படுவதில்லை. கோவாவில் கடற்கரையில் கார் ஓட்டினால் வழக்குப் போடுகிறார்கள். ஓட்டித்தான் ஆகவேண்டும் என்கிறவர்களுக்குக் கேரளத்தில் முழப்பிலங்காடு இருக்கிறது. சுமார் 4 கிலோமீட்டர், இறுகிய மணல், ஓட்டுவதற்கென்றே விட்டிருக்கிறார்கள். இங்கே மணல் அப்படியில்லை. கார் விளம்பரம் எடுப்பவர்களுக்கு எல்லாக் கடலும் ஒன்றுதான், என்ன செய்வது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனி இன்னும் முடியவில்லை. குழிகள் பொரிக்க நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகும். அடுத்த சனிக்கிழமைக்குள் அந்த நான்கு தூணையும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். குழி தோண்ட எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார்கள், கூலி வேண்டாம். சங்கிலிச் சாவி பஞ்சாயத்தாரிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
படகுத்துறைத் தெருவாசி ஒருவன்